பொன் பூச்சா, பலேடியமா: அக்காவின் கைப்பைக்கு எது?

பரிஸிலிருந்து அக்கா மூன்று படங்களை அனுப்பியிருந்தார். மூன்றும் எர்மெஸ் என்ற பிரெஞ்சு ஆடம்பர நிறுவனத்தின் கெல்லி கைப்பைகள். மூன்றும் கறுப்பு, மூன்றும் 28 சென்ரிமீற்றர் அகலம். பாவித்த ஆடம்பரப் பைகளை விற்கிற கடை ஒன்றில் அக்காவுக்காக இரண்டு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் பூட்டிலும் வளையத்திலும்தான். ஒன்றில் பொன் பூச்சு, மற்றதில் பலேடியம் பூச்சு, மூன்றாவதில் பேர்மாபிராஸ் என்கிற வெளிறிய மஞ்சள். கூடவே ஒரு குரல் பதிவு: "பிள்ளை, எதை எடுக்கிறது எண்டு தெரியேல்ல. அப்பாவிட்டையும் கேட்டுச் சொல்லு."

அக்கா இந்தப் பைக்காகப் பதினொரு வருடம் காசு சேர்த்தவர். கடையில் வேலை, மாலையில் இன்னொரு வேலை, இடையில் இரண்டு பிள்ளைகள். அதனால் "எதையாவது எடுங்கோ அக்கா" என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்பாவிடம் கேட்கச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. அப்பா நகைவேலை செய்கிறவர். இடம்பெயரும்வரை புதுக்குடியிருப்பில் பட்டறை வைத்திருந்தார். இப்போது கிளிநொச்சியில் வீட்டு விறாந்தையின் ஒரு மூலையில், பழைய கொறடும் ஒரு ஊதுகுழலுமாக, தெரிந்தவர்களுக்கு மட்டும் வேலை செய்கிறார். ஆடம்பரப் பை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. உலோகம் பற்றித் தெரியும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "உள்ளுக்கு என்ன?"

உள்ளுக்குப் பித்தளை. செம்பும் நாகமும் கலந்த, எங்கள் குத்துவிளக்கில் இருக்கிற அதே வகை உலோகம். எர்மெஸ் 1837இல் குதிரைச் சேணப் பட்டறையாகத்தான் தொடங்கியது. அந்தச் சேண வேலையின் வாசம் கெல்லியின் பூட்டிலும் பட்டியிலும் இன்றைக்கும் இருக்கிறது. முன்பக்கம் திருகிப் பூட்டுகிற குமிழ், அதற்கு இரண்டு பக்கமும் பட்டிகளின் முனையில் உலோகத் தகடுகள், தொங்குகிற சின்னப் பூட்டு, தோள்பட்டி மாட்டுகிற வளையங்கள், அடியில் நான்கு கால் குமிழ்கள். பித்தளையில் உருவாக்கி, மினுக்கி, அதன்மேல் வேறு உலோகத்தை மின்சாரத்தால் படியவைப்பது முலாம். அந்தப் படிவைத்தான் நாங்கள் மூன்று நிறங்களில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். படத்தைப் பார்த்த சின்னம்மா உடனே கேட்டார்: "இதில எத்தனை பவுண் கிடக்குது?" நியாயமான கேள்விதான். வன்னியில் பொன் என்றால் சேமிப்பு. 2009இல் முகாமில் இருந்தபோது அம்மா தன் காப்புகளில் இரண்டை விற்றுத்தான் எங்களுக்குப் பால்மாவும் மருந்தும் வாங்கினார். பொன்னைப் பார்த்தால் அதன் நிறை என்ன என்று மனம் தானாகக் கணக்குப் போடும். ஆனால் முலாமில் நிறை இல்லை. அதை அளப்பது மைக்ரோனில். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன் வரும். மலிவான கவரிங் நகைகளில் பொன் படிவு அரை மைக்ரோன்கூட இருக்காது. வெள்ளியின்மேல் நல்ல பொன் முலாம் என்று அமெரிக்காவில் சொல்லி விற்பதற்கு வேண்டிய தடிப்பே 2.5 மைக்ரோன்தான். ஆகவே "பொன் பூச்சு" உள்ள பையை எடுத்தால் பொன் வாங்கியதாக ஆகாது. இந்தத் தெரிவு முழுக்க நிறத்தையும் உழைப்பையும் பற்றியது. அடகுக்கடைக்கு அங்கே வேலை இல்லை.

சரி, பொன் பூச்சு. என் மனம் முதலில் போனது இதற்குத்தான். அக்காவின் கழுத்தில் தாலிக்கொடி, கையில் காப்பு, காதில் தோடு, எல்லாம் 22 கரட். அந்தக் கையில் வெள்ளை உலோகம் தொங்கினால் ஒரு மாதிரித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எங்களுக்குப் பொன் இடுப்புக்கு மேலே, வெள்ளி காலுக்கு. கொலுசையும் மெட்டியையும் வெள்ளியில் போட்டுப் பழகிய கண்ணுக்கு, கல்யாண மண்டபத்தில் வெள்ளைப் பூட்டு போட்ட பை ஒரு படி இறங்கித்தான் தெரியும். கறுப்புத் தோலில் மஞ்சள் பூட்டு எப்படி எடுப்பாக இருக்கிறது என்று சொல்லவே வேண்டாம்.

பழமைக்கும் பொன்தான் பக்கம் நிற்கிறது. நடிகை ஜேன் பேர்கினுக்காக எர்மெஸ் செய்த முதலாவது பேர்கின் பை 2025 யூலையில் பரிஸ் சோதபீஸ் ஏலத்தில் கட்டணங்களோடு 86 இலட்சம் யூரோவுக்குப் போனது. ஏலத்தில் விலைபோன கைப்பைகளிலேயே அதுதான் உச்ச விலை. அதன் உலோகப் பாகங்கள் பொன் முலாமிட்ட பித்தளை. அந்தப் பை பத்திரமாக மூடிவைத்த பை இல்லை. அவர் பல வருடம் தூக்கித் திரிந்து, ஸ்ரிக்கர் ஒட்டி, 1994இல் எய்ட்ஸ் நிவாரணத்துக்காக ஏலத்துக்குக் கொடுத்த பை. தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்தும் அவ்வளவு விலை.

ஆனால் பொன்னின் குணத்தை அப்பா சொன்னபோது என் உற்சாகம் கொஞ்சம் அடங்கியது. பொன் கறுக்காது, துருவேறாது. அதில் குறை இல்லை. குறை என்னவென்றால் அது மென்மையானது. ஒன்றிலிருந்து பத்து வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் தூய பொன் 2.5 இலிருந்து 3 வரை. முலாம் பூசும்போது சிறிது கோபால்ற் அல்லது நிக்கல் சேர்த்துக் கடினமாக்குகிறார்கள். அப்படியும் கை படும் இடத்தில் அது தேயும். இன்னொன்று, மெல்லிய படிவில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். வேர்வையில் உள்ள உப்பும் அமிலமும் அந்தத் துளை வழியே கீழே இறங்கினால் உள்ளே உள்ள செம்பு மேலே வரத் தொடங்கும். பொன் கறுத்துப்போச்சு என்று ஆட்கள் கொண்டுவருகிற கவரிங் சங்கிலிகளில் கறுப்பது பொன் இல்லை, அடியில் இருக்கிற செம்புதான். இதைத் தடுக்கத்தான் நல்ல பட்டறைகளில் பித்தளைக்கும் பொன்னுக்கும் இடையில் நிக்கல் அல்லது பலேடியப் படிவு ஒன்றைப் போடுவார்கள். அது இருந்தால் காவல். ஆனால் பொன் தேய்ந்த இடத்தில் வெள்ளை தெரியும். நேரடியாகப் பித்தளைமேல் பூசியிருந்தால் தேய்ந்த இடமும் மஞ்சளாகவே இருக்கும், தூரத்தில் தெரியாது. பழைய பையில் பொன் பூச்சு பார்க்கிறவர்கள் திருகு குமிழின் விளிம்பைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். மஞ்சளுக்குள் வேறு நிறம் எட்டிப்பார்க்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

அக்காவுக்கு அப்படி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. பொன் பூச்சுப் பையின் குமிழில், விரல் பிடிக்கிற இரண்டு முனையிலும், ஒரு அரிசிமணி அளவுக்கு வெள்ளை தெரிந்தது.

இனிப் பலேடியம். இந்தப் பெயரைக் கேட்டதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. வெள்ளைப் பொன் செய்யும்போது பொன்னின் மஞ்சளை வெளுக்க வைப்பது இதுதான், அல்லது நிக்கல். 1802இல் ஆங்கிலேய விஞ்ஞானி வொலஸ்ரன் இந்த உலோகத்தைக் கண்டுபிடித்தார். அதற்குக் கொஞ்சம் முன் கண்டுபிடிக்கப்பட்ட பலாஸ் என்ற சிறுகோளின் பெயரை இதற்கு வைத்தார். பிளாற்றினத்தின் உடன்பிறப்பு மாதிரி. வாகனப் புகையைச் சுத்தப்படுத்தும் கருவிகளுக்கு உலகம் முழுக்கத் தேவைப்படுவதால் 2022 தொடக்கத்தில் இதன் விலை பொன்னின் விலையைத் தாண்டி நின்றது. வெள்ளையாக இருப்பதால் வெள்ளி என்றோ எவர்சில்வர் என்றோ நினைக்கிற மாமிமாருக்கு இதைச் சொல்லிவைக்கலாம்.

வெள்ளிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வீட்டிலேயே தெரியும். வெள்ளிக் கொலுசைப் பெட்டியில் வைத்து ஆறு மாதம் கழித்து எடுத்தால் கறுத்திருக்கும். காற்றில் உள்ள கந்தகச் சேர்வைகளோடு வெள்ளி சேர்வதால் வருவது அது. பலேடியம் சாதாரண காற்றில் அப்படி மங்காது. மினுக்கத் தேவையில்லை, துடைத்தால் போதும். மோஸ் அளவில் 4.75. பொன்னைவிட எவ்வளவோ கடினம். தினமும் நூறு தடவை திருகுகிற குமிழுக்கு இது பெரிய விடயம்.

குறையும் உண்டு. பலேடியம் தேய்ந்து பித்தளை வெளியே வந்தால் வெள்ளைக்குள் மஞ்சள் புள்ளியாகத் துலக்கமாகத் தெரியும், மறைக்க முடியாது. அடுத்தது தோல் ஒவ்வாமை. நிக்கல் ஒத்துவராதவர்களில் பலருக்குப் பலேடியமும் ஒத்துவராது. மலிவுத் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அக்காவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

வன்னியில் வைத்து யோசித்தால் கணக்கு இன்னும் மாறுகிறது. அக்கா பையைப் பரிஸ் அலுமாரியில் பூட்டி வைக்கப் போவதில்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வருகிறவர். கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போய்வர, உள்வீதிகளில் கிறவல் தூசி ஆடை முழுக்கப் படியும். அந்தத் தூசியில் மணல் இருக்கிறது. மணலில் இருப்பது படிகக்கல், அதன் கடினம் 7. பொன்னையும் கீறும், பலேடியத்தையும் கீறும். ஆனால் ஒரே அளவுக்கு இல்லை. தூசி படிந்த பூட்டைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தால், அது பொன் பூச்சுக்கு அரத்தாள் போட்ட மாதிரி. பலேடியத்துக்கும் கீறல் விழும், தாங்கும் அளவு கூட. நந்திக்கடல் பக்கத்து உப்புக்காற்றும், வெயிலில் கைப்பிடியை நனைக்கிற வேர்வையும் செம்புக்கு எதிரிகள். படிவு முழுசாக இருக்கும்வரை உள்ளே இருக்கிற பித்தளை தப்பும். எது அதிக நாள் முழுசாக இருக்கும் என்பதுதான் கேள்வி.

தூசியை எப்படி எடுப்பது என்று அப்பா தன் கையால் செய்து காட்டினார். முதலில் மென்மையான தூரிகையால் தட்டி உதிர்ப்பது. பிறகு பஞ்சுபோன்ற பருத்தித் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து, பிழிந்து, உலோகத்தில் மட்டும் ஒற்றுவது. உடனே உலர்ந்த துணியால் ஒற்றுவது. தேய்க்கவே கூடாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அந்தச் சுண்ணாம்பு பூட்டிலும் படியும்.

இதைச் சொல்லும்போது அம்மா ஒன்றும் பேசாமல் இருந்தார். அதற்குக் காரணம் உண்டு. நான்கு வருடத்துக்கு முன் அக்கா வேறொரு பையுடன் வந்திருந்தார். இவ்வளவு விலை இல்லை, ஆனாலும் நல்ல பை, பொன் நிறப் பூட்டு. பொங்கலுக்கு முதல் நாள் அம்மா குத்துவிளக்கைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கினார். பக்கத்தில் கிடந்த பையின் பூட்டு மங்கலாகத் தெரியவே, மகளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அதையும் அதே புளியால் தேய்த்துவிட்டார். பழப்புளியின் அமிலமும் சாம்பலின் சொரசொரப்பும் விளக்கின் முழுப் பித்தளைக்கு நல்லது. மேலே உள்ள களிம்பு போய், அடியில் இருந்து புதுப் பித்தளை வரும். முலாமில் மேலே இருப்பது மட்டும்தான் இருக்கிறது. பூட்டு பாதி வெள்ளையானது. தோலிலும் புளிக்கறை. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அம்மாவுக்கு இன்றும் கஷ்டம். பிறகு நகரத்தில் முலாம் பூசுகிற ஒரு இடத்தில் கொடுத்தோம். பூட்டைக் கழற்றும்போது தோலில் துளை பெரிதானது. பூசிய பொன்னும் மற்றப் பாகங்களின் பொன்னும் இரண்டு நிறம். தேசிக்காயும் பிராசோ என்கிற உலோக மினுக்கியும் இதே வேலையைத்தான் செய்யும். முலாம் போட்ட எதற்கும் அவை ஆகாது.

எர்மெஸ் பைகளில் மறுமுலாம் இன்னும் சிக்கல். தகடுகளைத் தோலோடு பிணைக்கும் சிறு ஆணிகளின் முனையை வெட்டி, முத்துப்போல் உருளும்வரை சுத்தியலால் தட்டித்தான் இறுக்குகிறார்கள். அதை வெளியே ஒருவர் கழற்றினால் திரும்ப அப்படி வராது. தகட்டில் பொறித்த எழுத்தும் மினுக்க மினுக்க மழுங்கும். பெரிய ஏலவிற்பனையாளர்கள் ஒரு பையைப் பட்டியலிடும்போது தோலின் பெயர், நிறம், அதற்கு அடுத்ததாக உலோகப் பூச்சு என்று தலைப்பிலேயே எழுதுகிறார்கள். பூச்சு பையின் அடையாளத்தில் ஒரு பகுதி. கெட்டுப்போனால் நிறுவனத்தின் சொந்தத் திருத்தகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். பரிஸில் இருக்கிற அக்காவுக்கு அது சுலபம், கிளிநொச்சியில் இருந்தால் அது ஒரு பெரிய பயணம்.

மூன்றாவது பை, பேர்மாபிராஸ். பொன்னுக்கும் வெள்ளிக்கும் நடுவில் ஒரு நிறம். தனியே பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்தது. சாம்பல், பழுப்புத் தோலில் அழகாக இருக்கும். ஆனால் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் வைத்து யோசியுங்கள். 22 கரட்டின் ஆழமான மஞ்சளுக்கு அருகே அது மங்கிப்போன பொன் போலத் தெரியும். பலேடியம் வேறு நிறம் என்று கண் ஏற்றுக்கொள்ளும். இது அதே நிறம், ஆனால் குறைந்தது என்று நினைக்க வைக்கும். அதனால் கழித்தோம்.

அக்காவுக்காகக் கடையில் ஒதுக்கி வைக்காத மற்றப் பூச்சுகளைப் பற்றியும் கேட்கிறவர்கள் இருப்பார்கள். செம்பொன் நிறத்துக்குச் செம்பு கூட வேண்டும். எங்கள் ஊரில் பொன் சிவந்தால் செம்பு கலந்துவிட்டான் என்றுதான் பேச்சு வரும், அந்தப் பேச்சைப் பொருட்படுத்தாதவர்கள் எடுக்கலாம். ருத்தேனியம் கருஞ்சாம்பல் நிறம், கடினம் 6.5, ஆனால் கீறல் விழுந்தால் அடியிலுள்ள வெளிர் நிறம் தெரியும். 2010இல் எர்மெஸ் முழுக் கறுப்புப் பைகளை வெளியிட்டபோது உலோகத்துக்கும் கறுப்புப் பூச்சுப் போட்டது. வெற்றிட அறையில் ஆவியாகப் படியவைக்கிற முறை அது. அந்தப் படிவு மிகக் கடினமானது. விளிம்பில் ஒரு இடம் போனால் அந்த இடத்தை மட்டும் திருத்த வழியில்லை. மினுக்காமல் வரிவரியாகத் தேய்த்துவிட்ட பூச்சுகள் சின்னக் கீறலை மறைக்கும், பெரிய கீறலை மறைக்காது. அதுகூட அன்றாடப் பாவனைக்கு நல்ல தெரிவுதான், கிடைத்தால்.

விற்கும்போது எது கூட விலை போகும் என்று அத்தான் கேட்டார். பொன்னுக்கு ஒரு காலம், வெள்ளை உலோகத்துக்கு ஒரு காலம் என்று ரசனை சுற்றிச் சுற்றி வருகிறது. எந்த நிறமானாலும் தேயாத பூட்டுக்கு விலை கூட. அக்காவுக்கு விற்கும் எண்ணம் இல்லை. மூத்த மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். மகளுக்கு இப்போது ஒன்பது வயது.

நான் கடைசியில் அக்காவிடம் கேட்டது இதைத்தான்: வருடத்தில் எத்தனை நாள் இந்தப் பை உங்கள் கையில் இருக்கும்? கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் என்றால், தேயாத ஒரு பொன் பூச்சு வரும்வரை காத்திருங்கள். பத்து நாளில் பொன் தேயாது, அந்தப் பத்து நாளும் உங்கள் நகைகளோடு அது சேர்ந்து நிற்கும். வேலைக்கும் கொண்டுபோவேன், ரயிலிலும் கொண்டுபோவேன், வன்னிக்கும் கொண்டுவருவேன் என்றால் பலேடியம். சேகரிப்பில் இரண்டு பை இருப்பவர் நிறத்தைப் பார்த்து எடுக்கலாம். ஒரே ஒரு பை வாங்குகிறவர் தேய்மானத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பிள்ளை, இவ்வளவு காசு குடுத்து வாங்கிப்போட்டு அலுமாரிக்குள்ள வைக்க எனக்கு மனமில்லை. நான் ஒவ்வொரு நாளும் தூக்கப்போறன்."

அப்பா போனை வாங்கி, "அப்ப வெள்ளையை எடு மோனை" என்றார்.

பலேடியம் பையை எடுத்தாகிவிட்டது. அடியில் உள்ள நான்கு கால் குமிழ்களிலும் முதல் சொந்தக்காரர் உரிக்காமல் விட்ட பிளாஸ்ரிக் இன்னும் ஒட்டியிருக்கிறதாம். உரிக்காமல் வைத்தால் மதிப்புக் கூட என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். எங்கள் வெக்கையில் அந்தப் பசை இளகி உலோகத்தில் பிடித்துக்கொள்ளும், விளிம்பு வழியே வேர்வையும் தூசியும் உள்ளே போய்த் தங்கும். வைகாசிக்கு இங்கே வரும்முன் உரித்துவிடுங்கோ என்று எழுதியிருக்கிறேன். அம்மா அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைத் துவைத்து, கஞ்சி போடாமல் காயவைத்து, நான்காகக் கிழித்து வைத்திருக்கிறார், பையைத் துடைக்க.